பதினான்கு கன்சோல்கள், மூன்று வழிகள்: டெர்மினல் சர்வரில் எதைத் தேர்வது?

இரவு பதினொன்றே முக்கால். ஒரு ஸ்விட்ச் பேசுவதை நிறுத்திவிடுகிறது. பிங் போகவில்லை, அதன் பின்னால் இருக்கும் சர்வர்களையும் எட்ட முடியவில்லை. டேட்டா சென்டரோ ஊரின் மறுகோடியில். அந்த நேரத்தில் மிச்சம் இருப்பது நெட்வொர்க் இல்லாமலே கருவியோடு நேரடியாகப் பேச உதவும், ஸ்விட்சின் முதுகிலுள்ள சிறிய கன்சோல் துளை ஒன்றுதான். அதில் யாரோ முன்யோசனையோடு ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை, பல கன்சோல்களை நெட்வொர்க்கிலிருந்து எட்டவைக்கும் பெட்டியான டெர்மினல் சர்வர் ஒன்றில் கோத்து வைத்திருந்தால், வீட்டில் உட்கார்ந்தபடியே சிக்கலைத் தீர்த்துவிடலாம். இல்லையென்றால் வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

வாடகை டேட்டா சென்டர் ஒன்றில் எங்களுக்கு ஒற்றை ரேக் இருக்கிறது. ஆறு ஸ்விட்ச், இரண்டு ரவுட்டர், ஒரு ஃபயர்வால், ஐந்து லினக்ஸ் சர்வர் என்று மொத்தம் பதினான்கு கருவிகள். அத்தனைக்கும் கன்சோல் வழியாக இருந்தது ஒரு சிஸ்கோ 2511. 1990களின் பெட்டி, பதினாறு சீரியல் லைன்கள் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும், கன்சோல்கள் பேசும் வழிகள்), லைனுக்கு ஒரு வால் என்று எட்டெட்டு வால்கள் தொங்கும் இரண்டு தடித்த கேபிள்கள். இதை மாற்றலாமா, மாற்றினால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. பழையதையே பத்திரமாக வைத்துக்கொள்வது. கன்சோல் சர்வர் என்றே விற்கப்படும் தனிக் கருவியை வாங்குவது. சிறிய லினக்ஸ் கணினி ஒன்றில் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர்களைக் கோத்து நாமே செய்துகொள்வது.

விலை, போர்ட் எண்ணிக்கை, குறியாக்கம் என்று வழக்கம்போல் அட்டவணை போட்டோம். எங்களை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி அந்த அட்டவணையில் முதலில் இடம்பெறவே இல்லை. ஓர் அமர்வு எப்படி முடிகிறது? பேட்டரி தீர்ந்தோ, வைஃபை அறுந்தோ, தூக்கக் கலக்கத்தில் லேப்டாப்பை மூடிவிட்டோ ஒருவர் போய்விட்டால், மறுமுனையில் திறந்து கிடக்கும், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அமர்வு என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு மூன்று வழிகளும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. கொஞ்சம் சுற்றித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

தலைகீழாகத் திரும்பிய பெட்டி

டெர்மினல் சர்வர் பிறந்தபோது அதன் வேலை இதற்கு நேர் எதிரானது. 1980களில் அலுவலக மேசைகளில் விடி220 போன்ற டெர்மினல்கள் வரிசையாக இருந்தன. வாக்ஸ் கணினி குளிரூட்டிய அறையில் இருந்தது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் அந்த அறை வரைக்கும் தனித்தனிக் கேபிள் இழுப்பதற்குப் பதிலாக, எட்டு டெர்மினல்களை ஒரு டெக்சர்வர் 200 பெட்டியில் கோத்து, பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஈத்தர்நெட் இணைப்பைக் கொண்டுபோனார்கள். மனிதர் சீரியல் பக்கம் இருந்தார், கணினி நெட்வொர்க் பக்கம் இருந்தது. இன்று நாம் கணினியை சீரியல் பக்கம் கட்டிப்போட்டுவிட்டு நெட்வொர்க் பக்கத்திலிருந்து வருகிறோம். டெல்நெட் என்பது தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய நெறிமுறை; நாம் வரும் இந்த வழிக்கு வைத்த ‘ரிவர்ஸ் டெல்நெட்’ என்ற பெயரிலுள்ள ‘ரிவர்ஸ்’ இதைத்தான் குறிக்கிறது.

டெக்சர்வரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘அக்சஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ‘லோக்கல்’ என்று வைத்தால் போர்ட்டில் இருப்பவர் வெளியே அழைக்கலாம். ‘ரிமோட்’ என்றால் வெளியிலிருந்து போர்ட்டுக்குள் வரலாம். ‘டைனமிக்’ என்றால் இரண்டும் நடக்கும். கருவி மறைந்துவிட்டது, பெயர்களும் மாறிவிட்டன. இந்த வேறுபாடு மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டதால் வந்த கோளாறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கன்சோலுக்கு ஒதுக்கிய லைனைப் பழைய நிலையிலேயே விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த லைனில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதாகவே பெட்டி நம்புகிறது. ஸ்விட்ச் தன் கன்சோலில் ஏதோ ஒரு வரியை அச்சிட்டதும், பெட்டி எழுந்து ‘யூசர்நேம்’ என்று கேட்கிறது. அந்த எழுத்துகள் ஸ்விட்சுக்குப் போய்ச் சேர்கின்றன. யாரோ விசையை அழுத்துகிறார் என்று எண்ணி ஸ்விட்ச் ‘பாஸ்வேர்டு’ என்று கேட்கிறது. இரண்டு வாயிற்காவலர்கள் எதிரெதிரே நின்றுகொண்டு இரவெல்லாம் “யார் நீ?”, “நீ யார்?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிதான் இது. அந்த நேரத்தில் நீங்கள் வெளியிலிருந்து அழைத்தால் லைன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி வரும். கேபிள் கெட்டுவிட்டதோ என்று அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. சிஸ்கோவில் இதற்கு மருந்து இரண்டே சொற்கள்: லைனின் கீழ் ‘நோ எக்செக்’. அந்த லைனில் மனிதர் இல்லை என்று பெட்டிக்குச் சொல்லிவிடுகிறோம், அவ்வளவே.

பழைய பெட்டியையே வைத்துக்கொண்டால்

2511 பற்றி இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கன்சோலுக்கு வேகம் தேவையில்லை. 9600 பாட் என்றால், ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து பத்து பிட் கணக்கில், நொடிக்கு 960 எழுத்துகள். 80-க்கு 24 திரை முழுவதும் நிரம்ப இரண்டு நொடி. பதினாறு லைன்களும் ஒரே நேரத்தில் கொட்டினாலும், அந்தப் பெட்டியின் 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் அது ஒரு மூலையில் அடங்கிவிடும்.

அமைப்பதும் எளிது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு டிசிபி எண் (நெட்வொர்க்கில் அழைக்கும் கதவு எண்) தானாகவே கிடைக்கிறது: மூன்றாவது லைனுக்கு 2003, பத்தாவதுக்கு 2010. டெல்நெட்டின் பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் வெறும் பைட்டுகளாக வேண்டுமென்றால் 4003, 4010. வெளியிலிருந்து நேராக இந்த எண்களுக்கே அழைக்கலாம். அல்லது முதலில் பெட்டிக்குள் நுழைந்து, ‘ஐபி ஹோஸ்ட்’ கட்டளையில் பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதிவைத்து, பெயரை மட்டும் தட்டி அங்கிருந்து கருவிக்குத் தாவலாம். நான் இரண்டாவது முறையின் பக்கம். பதினாறு கதவுகளுக்குக் காவல் போடுவதைவிட ஒரு கதவுக்குப் போடுவது எளிது. மேலும், நள்ளிரவில் ‘ஃபயர்வால் ஏழா, எட்டா’ என்று யோசிக்கும் நிலை வரக் கூடாது. எட்டுக்குப் பதில் ஏழை அடித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரவுட்டரை மறுதொடக்கம் செய்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்க்கும் முகம்தான். மெனு போட்டுத் தருவது மூன்றாவது முறை. ‘1 அழுத்தினால் இது, 2 அழுத்தினால் அது’ என்பது ஷிஃப்ட் பணியாளர்களுக்குப் பொருந்தும். தினமும் புழங்கும் நிர்வாகிக்கு அது ஒரு தடைக்கல்.

சிக்கல் டெல்நெட்டில் இருக்கிறது. 1983-இல் ஆர்எஃப்சி 854 என்ற இணைய ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட அந்த நெறிமுறையில் கடவுச்சொல் உட்பட எல்லாம் வெட்டவெளியில் போகிறது. கன்சோலில் நாம் அடிப்பது ரூட் கடவுச்சொல், சிஸ்கோவில் முழு உரிமை தரும் ‘எனேபிள்’ கடவுச்சொல் போன்றவை. நெட்வொர்க்கில் போகும் எழுத்துகளிலேயே மிகவும் விலை உயர்ந்தவை. இன்னொரு பழைய நெறிமுறையான ஆர்லாகின் பற்றி நீட்ட வேண்டியதில்லை: அழைக்கும் கணினி சொல்லும் பெயரை நம்பும் ஏற்பாடு அது, இன்று அதைத் திறந்துவைக்க ஒரு காரணமும் இல்லை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட சம்பவம் ஒன்றுக்குப் பிறகு டாட்டு யுலோனன், எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதியதே இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

அப்படியானால் பழைய பெட்டியிலேயே எஸ்எஸ்எச் போட்டுவிட்டால் போதாதா? குறியாக்கம் உள்ள ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) பதிப்பு இருந்தால்தான் முதலில் அதற்கு வழி. இருந்தாலும் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. டெல்நெட் முதுமை அடைவதில்லை. 1983-இன் டெல்நெட்டோடு இன்றைய டெல்நெட் பேசும். எஸ்எஸ்எச் அப்படியல்ல. பழைய கருவிகள் பேசும் குரூப்1 டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்தை பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் 2015-இல் 7.0 பதிப்பில் இயல்பு நிலையில் நிறுத்திவிட்டது. 2021-இல் 8.8 பதிப்பில் ஷா-1 கொண்ட ஆர்எஸ்ஏ கையொப்பமும் போய்விட்டது. ஆக, லேப்டாப்பைப் புதுப்பித்த மறுநாள், பொருத்தமான சாவிப் பரிமாற்ற முறை இல்லை என்று சொல்லி இணைப்பு கதவடைக்கும். கிளையண்டின் அமைப்புக் கோப்பில் அந்த முகவரிக்கு மட்டும் பழைய முறைகளை மீண்டும் அனுமதிக்கலாம்; இன்று நடக்கும், நாளை அந்த முறைகளே நிரலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டால் நடக்காது. இதனால் பத்து, பதினைந்து வருடப் பெட்டியில் அரைகுறை எஸ்எஸ்எச்சைவிட, தனி விஎல்ஏஎன்னில் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) அடைத்த டெல்நெட்டே மேல் என்பது என் கருத்து. முன்னால் ஒரு லினக்ஸ் கணினியை வாசற்படியாக நிறுத்தி, அதற்குள் எஸ்எஸ்எச்சில் வந்து, அங்கிருந்து அந்தத் தனி விஎல்ஏஎன் வழியாக டெல்நெட் போகலாம். வாசற்படியைத் தவிர வேறு எந்த முகவரியும் பெட்டியைத் தொடக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. இப்போது விழக்கூடிய கருவிகள் இரண்டு. அந்தத் தனி விஎல்ஏஎன், விழுந்து கிடக்கும் அதே ஸ்விட்ச் வழியாகப் போகிறது என்றால் இத்தனை பாடும் வீண். எங்கள் ரேக்கில் அப்படித்தான் இருந்தது என்பதை, பெரிய கோளாறு எதுவும் வருவதற்கு முன்பே, வரைபடம் வரைந்தபோது கண்டுகொண்டோம். அந்த வரைபடத்தை வரைய எங்களுக்கு ஏழு வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கினால், செய்தால்

ஓப்பன்கியர், டிஜி, அவோசென்ட் போன்ற பெயர்களில் வரும் தனிக் கருவிகளில் கேட்டதெல்லாம் இருக்கிறது: பல போர்ட்டுகள், இரட்டை மின்வழங்கி, மொபைல் சிம் போட்டுத் தனி இணைப்பு, எஸ்எஸ்எச்சில் பயனர் பெயரோடு போர்ட் எண்ணையும் சேர்த்து நேராகக் கருவிக்கே போகும் வசதி, போர்ட்டுக்குப் போர்ட் யாருக்கு உரிமை என்ற கட்டுப்பாடு. எங்களுக்கு வந்த விலைப்பட்டியல் இரண்டு நல்ல லேப்டாப்களின் விலையைத் தாண்டியது. அதைவிட என்னை யோசிக்கவைத்தது அவற்றின் வலைப்பக்க நிர்வாகம். கன்சோல் சர்வரைக் கைப்பற்றியவர் ரேக்கையே கைப்பற்றியவர். அங்கே ஒரு கூடுதல் வாசலை எதற்குத் திறந்துவைப்பது? ஃபர்ம்வேர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால், சில வருடங்களில் நம் 2511-இன் கதையே வேறு பெயரில் திரும்பும்.

லினக்ஸ் கணினியில் நாமே செய்துகொள்ளும் வழி, செலவில் மிகக் குறைவு. கைவேலையில் மிக அதிகம். ‘செர்2நெட்’ என்ற நிரலை நிறுவி, எந்த டிசிபி எண் எந்த சீரியல் போர்ட்டுக்கு என்று ஒரு யாம்ல் கோப்பில் எழுதினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது போலத் தோன்றும். தோற்றம்தான். முதல் மறுதொடக்கத்திலேயே போர்ட்டுகளின் பெயர்கள் இடம் மாறிவிடலாம்: நேற்று யூஎஸ்பி0 என்று இருந்தது இன்று யூஎஸ்பி3. ஸ்விட்சுக்கு என்று நினைத்து ஃபயர்வாலுக்குள் போய் நிற்பீர்கள். அதனால் வரிசை எண்ணை நம்பாமல், அடாப்டரின் அடையாள எண்ணையோ அது செருகப்பட்டிருக்கும் இடத்தையோ வைத்து லினக்ஸ் தரும் நிலையான பெயர்களைத்தான் கோப்பில் எழுத வேண்டும். எஃப்டிடிஐ சில்லு உள்ள அடாப்டர்களில் பெரும்பாலும் தனி அடையாள எண் இருக்கும். மலிவான சிஎச்340 வகையில் அது இருக்காது. நான்கை வாங்கினால் நான்கும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். அவற்றுக்குச் செருகிய இடம்தான் அடையாளம். பிறகு யாரும் இடம் மாற்றிச் செருகக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. டெஸ்க்டாப் வகை லினக்ஸை நிறுவியிருந்தால் அதில் ‘மோடம் மேனேஜர்’ என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கலாம். புதிதாக ஒரு சீரியல் போர்ட் தென்பட்டால், இது மோடமாக இருக்குமோ என்று சோதிக்க அது ‘ஏடி’ என்று தொடங்கும் சில கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. மறுமுனையில் இருப்பது உங்கள் ரவுட்டரின் உள்நுழைவுத் திரை. ‘ஏடி’ என்ற பயனர் யார், எதற்காக நம் ரவுட்டருக்குள் நுழையப் பார்க்கிறார் என்று இரண்டு நாள் பதிவுகளைத் துழாவியிருக்கிறோம்.

செர்2நெட்டுக்கும் எளிய டெல்நெட் வழியில் தானாகக் கடவுச்சொல் கேட்கும் பழக்கம் இல்லை. எனவே அதை அந்தக் கணினியின் உள் முகவரியில் மட்டும் கேட்கவைத்து, எஸ்எஸ்எச்சில் உள்ளே வந்தவரே அடையும்படி செய்ய வேண்டும். வெளி முகவரியில் திறந்துவைப்பது, வீட்டுச் சாவியைத் தெருமுனைக் கடையில் தொங்கவிடுவதற்குச் சமம்.

‘கான்சர்வர்’ என்ற இன்னொரு நிரல் இதைவிட ஒரு படி மேல். ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். இணைப்பில் யாருமே இல்லாதபோதும் கன்சோலில் வரும் ஒவ்வொரு வரியையும் அது கோப்பில் பதிந்துகொண்டே இருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு சர்வர் கெர்னல் பேனிக்கில் விழுந்தால் (இயங்குதளமே முடங்கி நின்றால்), அதன் கடைசி வாக்கியங்கள் காலையில் உங்களுக்குக் கிடைக்கும். 2511-இல் யாரும் இணைந்திராத லைனில் வந்த எழுத்துகள் காற்றோடு போனவைதான். இந்த ஒரு வசதிக்காகவே நான் கான்சர்வர் பக்கம் பெரிதும் சாய்ந்திருந்தேன். சாய்ந்தவனை நிமிர்த்தியதும் இதே வசதிதான்.

போனவர் போய்விட்டாரா?

கன்சோல் அமர்வு என்பது இரண்டு பாதிகள். உங்கள் லேப்டாப்பிலிருந்து பெட்டி வரை ஒரு டிசிபி இணைப்பு. பெட்டியிலிருந்து கருவி வரை ஒரு சீரியல் கேபிள். இரண்டும் தனித்தனியாக முடிகின்றன, அல்லது முடியாமல் கிடக்கின்றன.

முதல் பாதி அறுந்தது பெட்டிக்கு உடனே தெரியாது. ‘போய்வருகிறேன்’ என்று சொல்லாமல் போன டிசிபி இணைப்பு, பெட்டியின் கணக்கில் உயிரோடுதான் இருக்கும். அடுத்தவர் அழைத்தால் லைன் பிஸி. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவ் சோதனையை முடுக்கிவிட்டாலும், லினக்ஸின் இயல்பு நிலையில் முதல் சோதனை 7200 நொடிகளுக்குப் பிறகுதான். இரண்டு மணி நேரம் யார் காத்திருப்பது? எஸ்எஸ்எச் சர்வரில் 60 நொடிக்கு ஒருமுறை உயிர்ச்சோதனை, மூன்று முறை பதில் இல்லையென்றால் துண்டிப்பு என்று வைத்தால் மூன்று நிமிடத்தில் இடம் காலியாகிறது. சிஸ்கோவில் உள்வரும் இணைப்புகளுக்கு டிசிபி கீப்அலைவ் என்ற ஒற்றை வரி. அதுவும் இல்லாதபோது கையிருப்பது ‘கிளியர் லைன்’ கட்டளை. மூன்று வழிகளிலும் இந்தப் பாதியைச் சரிசெய்துவிடலாம். ஒப்பீட்டில் இது சமநிலைதான்.

இரண்டாவது பாதியில்தான் வழிகள் பிரிகின்றன. பழைய மோடம் காலத்து ஏற்பாட்டில், அழைத்தவர் போய்விட்டால் சீரியல் கேபிளில் ஒரு கம்பியின் மின்நிலை விழும். மறுமுனையில் இருக்கும் கணினி அதைத் தொலைபேசி வைக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு அமர்வை முடித்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் அது நடக்க, கேபிளில் அந்தக் கம்பி இருக்க வேண்டும். நாம் போடும் கன்சோல் கேபிள்களில் பலவும் அனுப்ப, வாங்க, தரை என்ற மூன்று கம்பியோடு நின்றுவிடுபவை. கருவி அந்தக் கம்பியைக் கவனிக்க வேண்டும்; ‘இது உள்ளூர் லைன், கேரியர் கம்பியைப் பார்க்காதே’ என்று அமைக்கப்பட்ட லினக்ஸ் கன்சோல் கவனிக்காது. பெட்டி, ஆள் போனதும் சீரியல் போர்ட்டை மூட வேண்டும்.

கடைசி நிபந்தனையை, எந்நேரமும் பதியும் கான்சர்வர் நிறைவேற்றவே முடியாது. கருவியின் கடைசிச் சொல்லைப் பதிய வேண்டுமானால் போர்ட்டை எந்நேரமும் திறந்துவைத்திருக்க வேண்டும். எந்நேரமும் திறந்திருக்கும் போர்ட்டில் மனிதர் வந்ததும் போனதும் கருவிக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் ரூட்டாக நுழைந்து, அப்படியே விட்டுப் போனால், நாளை வருபவரை கட்டளைக்குக் காத்திருக்கும் ரூட்டின் ஹாஷ் குறி (#) வரவேற்கும். செர்2நெட் இந்த விஷயத்தில் நல்லது, யாராவது இணைந்தால் மட்டுமே போர்ட்டைத் திறக்கும். ஆனால் அப்போது கடைசிச் சொல் கிடைக்காது. எப்போதும் பதிவு செய்யும்படி அமைத்தால், விலை உயர்ந்த தனிக் கருவிக்கும் இதே தடுமாற்றம்தான்.

எனவே பதிவு வேண்டும் என்று முடிவெடுத்தால், அமர்வை முடிக்கும் பொறுப்பு கருவியின் தலையில் ஏறுகிறது. சிஸ்கோ கருவிகளின் கன்சோலில் பத்து நிமிடச் சும்மா இருப்புக்குப் பிறகு வெளியேற்றுவது இயல்பு நிலை. ஆய்வு மேசையில் எரிச்சல் தாங்காமல் அதைப் பூஜ்யமாக்கி, அதே அமைப்பை நகலெடுத்து உண்மையான ரேக்கிலும் ஏற்றிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. எங்கள் ஆறு ஸ்விட்சில் நான்கு அப்படித்தான் இருந்தன. லினக்ஸில் பேஷ் ஷெல்லின் ‘டிஎம்அவுட்’ மாறி உதவும், ஆனால் முழுவதும் அல்ல. ஷெல் கட்டளைக்காகக் காத்திருக்கும்போதுதான் அதன் கடிகாரம் ஓடும். ‘விஐ’ எடிட்டரைத் திறந்தபடியோ, பதிவுக் கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்படியோ விட்டுப் போனால் அது கண்டுகொள்ளாது.

வெளியேறும் விசைகளும் இந்தக் கணக்கில் சேரும். எஸ்எஸ்எச்சில் எண்டர், டில்டே (~), புள்ளி. எஸ்எஸ்எச்சுக்குள் எஸ்எஸ்எச் போயிருந்தால் ஒற்றை டில்டே வெளி இணைப்பையே அறுத்துவிடும். உள்ளிருப்பதை மட்டும் அறுக்க இரண்டு டில்டே. டெல்நெட்டில் கன்ட்ரோலும் வலது சதுர அடைப்புக்குறியும். சிஸ்கோவில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6, பிறகு எக்ஸ். கான்சர்வரில் கன்ட்ரோல்-ஈ, சி, புள்ளி. வாசற்படிக் கணினி வழியாக 2511-க்குப் போய், அங்கிருந்து கருவிக்குத் தாவும் ஏற்பாட்டில் இவற்றில் மூன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். தெளிந்த மனநிலையிலேயே குழம்பும். நள்ளிரவில் கேட்கவே வேண்டாம். வாசற்படி முறைக்கு எதிராக எனக்குள்ள பெரிய புகார் இதுதான்.

பிரேக் என்ற பூதம்

சீரியல் கம்பியை ஓர் எழுத்தின் நீளத்தைத் தாண்டியும் ஒரே நிலையில் பிடித்துவைத்தால் அது பிரேக் சமிக்ஞை. எழுத்து அல்ல, அதனால் எந்த விசையிலும் இல்லை. ஆனால் பல கருவிகள் அதற்குக் கட்டுப்படும். சிஸ்கோ ரவுட்டர் இயங்கத் தொடங்கிய முதல் ஒரு நிமிடத்துக்குள் பிரேக் வந்தால், மறந்த கடவுச்சொல்லை மீட்கும் ராம்மான் நிலைக்குப் போய் நின்றுவிடும். லினக்ஸில், கெர்னலுக்கே நேராகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ வசதி திறந்திருந்தால், பிரேக்கைத் தொடர்ந்து ஐந்து நொடிக்குள் ‘பி’ வந்தால் உடனடி மறுதொடக்கம்.

பழைய அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தபோது யூபிஎஸ் மாற்றும் பணிக்காக டெர்மினல் சர்வரை நிறுத்திப் போட்டோம். சர்வர்களுக்கு இரட்டை மின்வழி இருந்ததால் அவை ஓடிக்கொண்டே இருந்தன, அல்லது அப்படி நினைத்தோம். பெட்டியின் மின்சாரம் போய் வந்த நொடியில் அதன் எல்லாக் கம்பிகளும் ஒரு குலுங்கு குலுங்கின. கோக்கப்பட்டிருந்த நான்கு ஸ்பார்க் சர்வர்களும் அதைப் பிரேக் என்று எடுத்துக்கொண்டு, சொன்னபடி கேட்கும் பிள்ளைகளாக, ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரையில் காட்டிவிட்டு உறைந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ‘கோ’ என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். அதை அறிந்தவர் அன்று விடுப்பில் இருந்தார். அந்த சர்வர்களின் இயங்குதளமான சோலாரிஸில் பிரேக்குக்குப் பதிலாக எண்டர், டில்டே, கன்ட்ரோல்-பி என்ற மாற்று வரிசையை மட்டும் ஏற்கும்படி அமைக்க முடியும் என்பதை மறுநாள் படித்தோம்.

எனவே தேர்வில் இரண்டு சோதனைகள். வேண்டும்போது பிரேக் போகிறதா? டெல்நெட்டில் அதற்குத் தனிக் கட்டளையே உண்டு. எஸ்எஸ்எச்சுக்கு 2006-இல் ஆர்எஃப்சி 4335 அதைச் சேர்த்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் டில்டேயும் பெரிய ‘பி’யும். ஆனால் கன்சோல் சர்வரும் அதைப் புரிந்துகொண்டு சீரியல் பக்கம் கடத்த வேண்டும். வேண்டாதபோது போகாமல் இருக்கிறதா? இதைக் கையேட்டில் தேடாதீர்கள். பழைய ரவுட்டர் ஒன்றைக் கோத்து, அது இயங்கத் தொடங்கும்போது பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். ரேக் முழுவதும் மின்சாரம் போய் வரும் நாளில் நடப்பது இதுவே: இரண்டும் ஒன்றாக விழித்தெழும்.

இரவல் கருவி ஒன்றைத் தருவித்து இந்தச் சோதனையைச் செய்தோம். எட்டு முறை பிடுங்கியும் ரவுட்டர் ஒருமுறைகூட ராம்மானுக்குப் போகவில்லை. எங்கள் யூஎஸ்பி அடாப்டர்களில் இரண்டு தேறவில்லை. தொலைவில் இருக்கும் ரேக்குக்குத் தனிக் கருவியை வாங்குவது என்று முடிவானது அன்றுதான். எஸ்எஸ்எச்சுக்காகவும் அல்ல, சிம்முக்காகவும் அல்ல. சிம் பற்றி ஒரு எச்சரிக்கை: இரும்புக் கூண்டுக்குள் சிக்னல் எட்டுகிறதா என்பதை ஆண்டெனாவை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்து அறையில் இருக்கும் எங்கள் ஆய்வு மேசைக்கு லினக்ஸும் கான்சர்வரும். எழுந்து நடந்துபோய்ச் செருக முடிகிற தூரத்தில் இருந்தால் அந்த வழிக்கு ஈடில்லை. 2511-ஐத் தூக்கிப் போடவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு, ‘நோ எக்செக்’கை நீக்கிவிட்டு, இரண்டு காவலர்களின் உரையாடலைக் காட்டுவதற்காக வைத்திருக்கிறோம்.

வாங்கிய கருவியில் நாங்கள் செய்த மாற்றங்கள் சில. வலைப்பக்கத்தையும் டெல்நெட்டையும் மூடினோம். போர்ட்டுக்கு ஓர் எண் என்ற வழியையும் மூடி, எஸ்எஸ்எச் ஒன்றை மட்டும் விட்டோம். கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரில் பயனர்களைச் சரிபார்க்கவைத்தோம். அது பதில் சொல்லாவிட்டால் உள்ளூர்க் கணக்கு. இந்த ‘பதில் சொல்லாவிட்டால்’ என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரேடியஸ் ‘முடியாது’ என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். உள்ளூர்க் கணக்குக்குப் போகாது. நெட்வொர்க் விழுந்த இரவில் ரேடியஸ் மௌனமாக இருக்கும், அப்போது காலாவதிக்குக் காத்திருந்த பிறகு உள்ளூர்க் கடவுச்சொல் செல்லும். அந்தக் கடவுச்சொல்லை, நெட்வொர்க் இல்லாமல் திறக்க முடியாத கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்துவிடாதீர்கள். எங்களுடையது உறையிட்டு, இரண்டு பேர் வீட்டில் இருக்கிறது.

ஒப்படைப்பதற்கு முன் கடைசியாகச் செய்தது இது. வீட்டிலிருந்து இணைந்து, ஒரு சர்வரில் ரூட்டாக நுழைந்து, ஒன்றும் சொல்லாமல் வைஃபையை அணைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துச் சக ஊழியர் ஒருவரைத் தன் கணக்கில் அதே போர்ட்டுக்குள் போகச் சொன்னேன். பதினான்கு கருவிகளுக்கும் இதையே செய்தோம்; ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. பன்னிரண்டில் உள்நுழைவுத் திரை வந்தது. இரண்டில் என் ஹாஷ் குறி அவரைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தது.